கூலி கூடுகிறது, கடன் பெருகுகிறது

செம்பரம்பாக்கம் ஏரியின் கொள்ளளவு 3,645 மில்லியன் கன அடி. வெறுமையான அவ்வேரியில் நாளுக்கு ஒரு கன அடி நீராகச் சேர்த்து வந்தால், அது நிரம்ப ஏறத்தாழ ஒரு கோடி ஆண்டுகள் ஆகும். மாறாக, முதலில் விட்ட ஒரு கன அடி நாள்தோறும் இரட்டிப்பதாகக் கொள்வோம். 26 நாள் கழிந்த பின்னும் ஏரியில் நூற்றில் இரண்டு பங்கு நீர்கூட இராது. கரையில் நிற்பவர் கவலையின்றி இருப்பார். 31ஆம் நாள் நீர் பாதியைத் தாண்டும். மறுநாள் கரை கொள்ளாது.

முன்னது கூட்டல், பின்னது அடுக்கு வளர்ச்சி. அடுக்கு வளர்ச்சி என்பது வெறும் வேகம் அன்று. இருப்பு எவ்வளவோ, அதற்கேற்பவே பெருக்கமும் அமைவது அதன் இயல்பு. தொடக்கத்தில் அது அடங்கிக் கிடப்பதுதான் நம்மை ஏமாற்றுகிறது.

திருப்பெரும்புதூர், ஒரகடம் ஆலைகளில் உழைக்கும் ஒப்பந்தத் தொழிலாளியின் கூலி கூட்டல் வழியிலேயே ஏறுகிறது. மிகைநேரம் உழைத்தாலும் நாளுக்கு 24 மணி நேரமே. அவர் பத்து வட்டிக்கு, அதாவது நூறு ரூபாய்க்கு மாதம் பத்து ரூபாய் வட்டிக்கு, 10,000 ரூபாய் வாங்குகிறார் என்று வைத்துக்கொள்வோம். கட்டாத வட்டி முதலோடு சேர்ந்தால் ஓராண்டில் கடன் 31,000ஐத் தாண்டும். ஈராண்டில் 98,000ஐயும், மூன்றாண்டில் மூன்று இலட்சத்தையும் தாண்டும்.

1683இல் கணித அறிஞர் ஜேக்கப் பெர்னூலி, ஆண்டுக்கு நூற்றுக்கு நூறு வட்டியைப் பல தவணைகளாகப் பிரித்துச் சேர்த்தால் என்ன ஆகும் என ஆராய்ந்தார். ஆண்டிறுதியில் ஒருமுறை சேர்த்தால் ஒரு ரூபாய் இரண்டாகும். மாதந்தோறும் சேர்த்தால் 2.61, நொடிதோறும் சேர்த்தாலும் 2.72ஐ எட்டாது. காலத்தைப் பிரிக்கும்போது வட்டி விகிதத்தையும் பிரிப்பதால் கணக்கிற்கே ஓர் எல்லை உண்டாகிறது. மீட்டர் வட்டிக்காரரோ காலத்தை மட்டுமே கூறுபோடுகிறார். நாள் வட்டி, மணி வட்டி, மீட்டர் வட்டி, கந்து வட்டி, தண்டல் என ஒவ்வொன்றையும் பெயர் சொல்லித் தடைசெய்யும் சட்டம் 2003இல் தமிழகத்தில் பிறந்தது.

“அவர் ஒப்புக்கொண்டுதானே வாங்கினார்?” என்று கேட்கலாம். அவர் ஒப்பியது முதல் நாள் நீருக்கு. அதுவும் தேவையின் நெருக்கடியில். பெருக்கம் தன்னளவில் தீதன்று. ஏழையின் சேமிப்பும் அவ்விதிப்படியே வளர்கிறது. ஆனால், கூட்ட மட்டுமே வல்ல உழைப்பிடம் பெருக்கத்தைக் கேட்பது, உழைப்பை அன்று, வாழ்வையே கேட்பதாகும்.

1745இல் திருத்தந்தை பதினான்காம் பெனடிக்ட் தம் சுற்றுமடலில், கடன் கொடுத்தோம் என்ற ஒரே காரணத்திற்காக முதலுக்கு மேல் கேட்பதைக் கண்டித்தார். தொழிலில் முதலிட்டு நேர்மையாக ஈட்டும் ஆதாயத்தை அதனின்று வேறுபடுத்தினார். அதற்கும் வெகுகாலம் முன்பே, ஏழாம் ஆண்டில் கடன் விடுதலையை இணைச்சட்ட நூலும், ஐம்பதாம் ஆண்டில் நிலத்தின் மீட்பை லேவியர் நூலும் விதித்தன. கணித மொழியில் சொன்னால், அது அடுக்கைச் சுழியத்திற்குக் கொண்டுவருதல். பெருக்கம் அங்கே மீண்டும் ஒன்றிலிருந்து தொடங்குகிறது.

வட்டிக்கு வாங்குவோர் மட்டுமல்லர், விடுவோரும் நம் பங்குகளில் உண்டு. ஏரிக்கு மதகு வைத்த முன்னோர் வெள்ளம் வருமுன்பே அதை வைத்தார்கள். நாம் கொடுத்த கடனுக்கு எங்கே மதகு வைத்திருக்கிறோம் என்பதை, நீர் இன்னும் நூற்றில் இரண்டு பங்காக இருக்கும்போதே கேட்டுக்கொள்வது நன்று.