கடற்கன்னிக் கதை பொய்யாகுமா?

பிள்ளைகளுக்குக் கடற்கன்னிக் கதை சொல்லலாமா என்னும் வினா, கடலையே காணாத நாட்றம்பள்ளியில் எழுந்தது என்றால் வாசகர் சிலர் நகைக்கக் கூடும். ஏலகிரி மலையையும் நீரற்ற பாலாற்று மணலையும் தோல் ஏற்றிச் செல்லும் லாரிகளையும் அறிந்த எங்கள் ஊர்ப் பிள்ளைகளுக்குக் கடல் என்பது இருநூறு கிலோமீட்டருக்கு அப்பாலுள்ள ஒரு சொல். எனினும் வினா எழுந்தது. சிறுவர் நூலடுக்கிலிருந்து ஒரு சிறுமி எடுத்துச் சென்ற கதைப் புத்தகத்தை மறுநாள் அவளுடைய தந்தையாரே திரும்பக் கொண்டு வந்தார். இடுப்புக்கு மேல் பெண்ணும் கீழே மீனுமான உருவம் அதன் அட்டையில் இருந்தது. "ஹஜ்ரத், இல்லாத ஒன்றை இருப்பதாகச் சொல்வது பொய்தானே? பொய் சொல்லாதே என்று காலையில் ஓதிக் கொடுத்துவிட்டு, மாலையில் இதைப் படிக்கக் கொடுக்கலாமா?" என்றார். அவர் குரலில் சினம் இல்லை. மெய்யான கவலையே இருந்தது. அக்கவலைக்கு மறுமொழி தேடுவதே இக்கட்டுரை.

அவர் பக்கம் வலுவான சான்று உண்டு. அப்துல்லாஹ் இப்னு ஆமிர் (ரலி) சிறுவராயிருந்தபோது அவருடைய அன்னையார், இங்கே வந்தால் ஒன்று தருவதாகச் சொல்லி அவரை அழைத்தார். அவ்வீட்டில் அமர்ந்திருந்த நபிகள் நாயகம் (ஸல்) அவர்கள், என்ன தர எண்ணினாய் என வினவினார்கள். பேரீச்சம்பழம் என்றார் அன்னை. ஒன்றும் கொடாதிருந்தால் உன்மீது ஒரு பொய் எழுதப்பட்டிருக்கும் என்றார்கள் நாயகம் (ஸல்) அவர்கள். அபூதாவூத் நூலில் இடம்பெற்ற ஹதீஸ் இது. குழந்தையிடம் சொல்வது கணக்கில் வராது என்னும் நம் பொதுவழக்கை இந்நிகழ்ச்சி வேரோடு சாய்த்துவிடுகிறது. பெரியவரிடம் சொன்னால் பொய்யாவது குழந்தையிடம் சொன்னாலும் பொய்யே. ஆகவே, 'சின்னப் பிள்ளைதானே, போகட்டும்' என்று கடற்கன்னிக்கு வழக்காட வருபவரை முதலிலேயே வெளியே அனுப்பிவிட வேண்டும்.

அப்படியாயின் பொய் என்பது யாது? அரபு அணியிலக்கணத்தார் சொற்றொடரைக் கபர், இன்ஷா என இரண்டாகப் பகுப்பர். மெய் என்றோ பொய் என்றோ மதிப்பிடத் தக்கது கபர். ஏவலும் வினாவும் வேண்டலும் போன்றவை இன்ஷா. 'கடலடியில் ஓர் அரண்மனை இருந்தது' என்னும் தொடர் உருவத்தால் கபர்தான். ஆனால் அதைச் சொல்பவர் செய்தி அறிவிக்கிறாரா? மத்ரஸாக்களில் நாம் ஓதிய ஹரீரியின் மகாமாத் நூலை எண்ணிப் பாருங்கள். ஐம்பது மகாமாக்கள், ஒவ்வொன்றிலும் ஸரூஜ் நகரத்து அபூஸைத் என்னும் எத்தன் ஒரு வேடத்தில் வந்து மக்களை ஏய்த்துச் செல்கிறான். அதைக் கண்டவராகக் கதை சொல்பவர் ஹாரிஸ் இப்னு ஹம்மாம். இருவரும் ஹரீரியின் கற்பனை மாந்தர். இதற்குப் பழி வரும் என அறிந்த ஹரீரி, தம் முன்னுரையிலேயே விடையும் சொல்லி வைத்தார். வாயில்லா விலங்குகளும் உயிரில்லாப் பொருள்களும் பேசுவதாகப் புனைந்த கதைகளை எந்த அறிஞர் வெறுத்தார், அவற்றைச் சொன்னோரை எவர் பாவிகள் என்றார் என்பதே அவருடைய வாதம். அவர் கருத்தில் இருந்தவற்றுள் கலீலா வ திம்னாவும் ஒன்று என்று கொள்வது தவறாகாது. அதுவோ நம் நாட்டுப் பஞ்சதந்திரம் பாரசீகம் வழியாகச் சென்று, இப்னுல் முகஃப்பஃ கையால் எட்டாம் நூற்றாண்டில் அரபு உடை உடுத்தியது!

தமிழ் இலக்கணம் இதைவிட வெளிப்படையானது. உரைநடையின் வகைகளைக் கூறும் தொல்காப்பியச் செய்யுளியல், பொய்ம்மொழி என்றே ஒரு வகைக்குப் பெயரிடுகிறது. யானையும் குருவியும் நட்புக்கொண்டு இன்ன இடம் போய் இன்ன செய்தன என்பது போன்ற கதைகளை அதற்கு எடுத்துக்காட்டுகிறார் பேராசிரியர். பொய் என்று நெற்றியில் எழுதி ஒட்டிக்கொண்டு வருவது எவரையும் ஏமாற்றுவதில்லை. சொல்பவரும் கேட்பவரும் அறிந்து செய்துகொண்ட ஓர் உடன்பாடு அது.

இங்கேதான் அந்தத் தந்தையார் மீண்டும் இடைமறிப்பார், இடைமறிக்கவும் வேண்டும். உடன்பாடு என்பது இருவரும் அறிந்து செய்வது. ஹரீரியின் வாசகர் கற்றவர். ஐந்து வயதுப் பிள்ளைக்கு அவ்வுடன்பாடு தெரியுமா? இவ்வினாவைச் சட்டத்தால் தீர்ப்பதைவிட ஒரு நிகழ்ச்சியால் தீர்ப்பதே பொருந்தும் என எண்ணுகிறேன். அன்னை ஆயிஷா (ரலி) அவர்களின் விளையாட்டுப் பொம்மைகளை மூடியிருந்த திரையைக் காற்று விலக்கியது. பொம்மைகளின் நடுவே துணியால் செய்த இரண்டு இறக்கைகளுடன் ஒரு குதிரை. குதிரைக்கு இறக்கையா என நாயகம் (ஸல்) அவர்கள் கேட்டார்கள். சுலைமான் நபியிடம் இறக்கையுள்ள குதிரைகள் இருந்ததைத் தாங்கள் கேட்டதில்லையா என்று விடை வந்தது. கடைவாய்ப் பற்கள் தெரியுமளவு நாயகம் (ஸல்) அவர்கள் சிரித்தார்கள். இதுவும் அபூதாவூத் ஹதீஸே.

பேரீச்சம்பழத்துக்கு எச்சரித்த அதே திருவாய், இறக்கைக் குதிரைக்குச் சிரித்தது. இரண்டையும் அருகருகே வைத்துப் பார்த்தால் வேறுபாடு தெரியும். முன்னதில் பெரியவர் ஒருவர் பிள்ளையை ஒரு செயலுக்கு ஆளாக்கச் சொல்லைத் தூண்டிலாக்கும் இடம். பிள்ளை அதை நம்பி எழுந்து வருகிறது. பின்னதில் எவரும் எவரையும் எதற்கும் இழுக்கவில்லை. இறக்கை தைத்த கைக்கு அது துணி என்று தெரியும்; தெரிந்தே பறக்கவிடுகிறது. ஆகவே உடன்பாட்டை அறியாத பிள்ளை என்று நாம் அஞ்சுவது ஓரளவு வீண் அச்சமே. விளையாடத் தெரிந்த பிள்ளைக்கு அவ்வுடன்பாடும் தெரியும்.

எங்கள் பக்கம் கிணறும் ஏரியும் உள்ள ஊர்களில், தண்ணீருக்குள் ஒருத்தி இருக்கிறாள், காலைப் பிடித்து இழுப்பாள் என்று பிள்ளைகளை அச்சுறுத்துவது உண்டு. நல்ல நோக்கம்தான். ஆனால் இது கதையன்று. பேரீச்சம்பழம் இல்லாத கை. ஆழம், வழுக்கல், நீச்சல் தெரியாமை ஆகிய மெய்க் காரணங்கள் மூன்று இருக்க, நான்காவதாக ஒரு பொய்க் காரணம் எதற்கு? பன்னிரண்டு வயதில் அந்தப் பொய் வெளிப்படும்போது, மெய்க் காரணங்களும் அதனோடு சேர்ந்து கிணற்றில் விழுகின்றன.

மெய் என்று நம்பிச் சொன்ன வரலாறும் கடற்கன்னிக்கு உண்டு. ஹிஜ்ரி 808இல் மறைந்த இமாம் தமீரி, ஹயாத்துல் ஹயவான் என்னும் தம் விலங்கு அகராதியில் 'இன்ஸானுல் மாஉ', அதாவது நீர்மனிதன், என்றொரு பதிவு வைத்துள்ளார்; மனிதனைப் போன்றது, ஆனால் வாலுடையது என்கிறார். அவருக்கு அறுநூறு ஆண்டுகளுக்கும் முன்பே எகிப்தின் பேரறிஞர் லைஸ் இப்னு ஸஅத் (ரஹ்), நீர்மனிதனை உண்ணலாகாது என்று தீர்ப்புரைத்தார். இதை இக்காலத்து இளைஞர் சிலர் ஏளனமாகப் பேசுகின்றனர். எனக்கு அதில் ஏளனத்துக்கு இடம் தெரியவில்லை. வலையில் அப்படி ஒன்று வந்தால் என்ன செய்வது என்று கேட்டவருக்கு, மனித முகத்தின் கண்ணியத்தை முன்னிட்டு விடை சொன்னார் என்றே நான் அதைப் படிக்கிறேன். மாலுமிகள் கொணர்ந்த செய்தியை ஏற்றுத் தவறுவது பிழை. பிழை வேறு, பொய் வேறு.

நம் தென்கடலிலேயே அத்தகைய பிழை ஒன்று நேர்ந்தது. 1560இல் மன்னார்க் கரையில் மீனவர் வலையில் ஆணும் பெண்ணுமாக ஏழு கடல்மாந்தர் சிக்கியதாகவும், கோவாவிலிருந்த போர்த்துக்கேய ஆளுநரின் மருத்துவர் அவற்றை அறுத்துப் பார்த்து, உள்ளுறுப்புகள் மனிதரை ஒத்திருக்கக் கண்டதாகவும், ஏசு சபைப் பாதிரிமார் சாட்சியுடன் பதிவு உண்டு. இலங்கையில் பணிபுரிந்த எமர்சன் டெனன்ட் 1861இல் வெளியிட்ட நூலில் இதனை எடுத்துக்காட்டி, அவை கடற்பசுக்களே என விளக்கினார். பாக் நீரிணை மீனவர் ஆவுளியா என்பது இதனையே. மீனன்று, மூச்சுக்காக மேலே வருவது, கடற்புல் மேய்வது, குட்டிக்குப் பால் கொடுப்பது. பால்காம்பு மார்புத் துடுப்பின் அருகே அமைந்திருப்பதால், தொலைவிலிருந்து கண்டவர் தாயும் சேயும் என எண்ணியதில் வியப்பில்லை. 1493 சனவரியில் கொலம்பசு அமெரிக்கக் கடலில் இதன் உறவினமான விலங்குகள் மூன்றைக் கண்டு, கடற்கன்னியர் படத்தில் தீட்டப்படும் அளவு அழகாயில்லை எனக் குறித்து வைத்தார். கடல் நெடுக அலைந்த மாலுமிக்கும் அழகைப் பற்றிய கண்டிப்பு விடவில்லை!

இனிக் கதைகளுக்கு வருவோம். உலகமெங்கும் பிள்ளைகள் படிப்பது டென்மார்க்கின் ஆண்டர்சன் 1837இல் எழுதியது. கடலரசனின் கடைசி மகள், கப்பல் உடைந்து மூழ்கிய இளவரசனைக் காப்பாற்றுகிறாள். மனிதருக்கு அழியாத ஆன்மா உண்டு, கடல்மாந்தருக்கோ முந்நூறு ஆண்டு வாழ்வும் பின்பு நுரையும்தான் என்று பாட்டி சொல்கிறாள். ஆன்மாவும் இளவரசனின் அன்பும் வேண்டி, சூனியக்காரியிடம் நாவை அறுத்துக் கொடுத்துக் கால்களைப் பெறுகிறாள். ஒவ்வோர் அடியும் கத்திமேல் நடப்பது போல் வலிக்கிறது. இளவரசன் வேறொருத்தியை மணக்கிறான். அவனைக் குத்திக் கொன்றால் தான் பிழைக்கலாம் என்ற நிலையிலும் கத்தியைக் கடலில் எறிந்துவிடுகிறாள். 1989இல் அமெரிக்காவின் டிஸ்னி நிறுவனம் இதைத் திரைப்படமாக்கியபோது திருமணத்தில் முடித்துவிட்டது. துயரைத் தாங்கும் பிள்ளையின் வலிமையை அவர்கள் குறைத்து எடைபோட்டார்கள் என்பது என் எண்ணம்.

ஆனால் மூலக் கதையில் எனக்கு உறுத்துவது வேறோர் இடம். நுரையான அவள் காற்றின் மகளிருள் ஒருத்தியாகிறாள். முந்நூறு ஆண்டு நற்செயலால் ஆன்மா பெறலாம். இங்கேயே நிறுத்தியிருக்கலாம். ஆண்டர்சன் நிறுத்தவில்லை. பெற்றோரை மகிழ்விக்கும் நல்ல பிள்ளையைக் காணும்போது அவர்கள் தவணையில் ஓராண்டு குறையும், கெட்ட பிள்ளையைக் கண்டு சிந்தும் ஒவ்வொரு கண்ணீருக்கும் ஒருநாள் கூடும் என்று சேர்க்கிறார். அதுவரை கடலடியைப் பற்றிப் பேசியவர், இப்போது படித்துக்கொண்டிருக்கும் பிள்ளையின் வீட்டுக்குள் நுழைந்து அதன் நடத்தையைப் பற்றி ஒரு கபர் சொல்கிறார். உன் குறும்பால் ஒருத்தியின் சிறை நீள்கிறது என்பது மெய்யன்று. அதை வைத்துப் பிள்ளையை அடக்குவதே நோக்கம். வாலுள்ள பெண் பொய்யல்லள். இந்தக் கடைசிப் பத்தியே பொய். நீதி சொல்கிறது என்பதற்காக நம்மில் பலர் விரும்புவதும் அதே பத்தியைத்தான்!

நம் மரபிலும் ஒன்று உண்டு. ஆயிரத்தோரு இரவுகளில் வரும் இரண்டு அப்துல்லாக்களின் கதை. ஏழை மீனவன் அப்துல்லாஹ்வின் வலையில் கடல்மனிதன் அப்துல்லாஹ் சிக்குகிறான். நிலத்துப் பழக்கூடைக்குக் கடல் மணிக்கூடை என்று நட்பு வளர்கிறது. மீனவன் கடலடி நகரங்களுக்குப் போனால், அங்குள்ளோர் வாலில்லாத இவனைக் கண்டு சிரிக்கிறார்கள். (இவ்விடத்தில் பிள்ளைகள் தவறாமல் சிரிப்பார்கள், தம்மையும் வேடிக்கைப் பொருளாகக் காண்பது நல்ல கல்வி.) கடல்மனிதன், நாயகம் (ஸல்) அவர்களின் அடக்கவிடத்துக்குக் காணிக்கையாக ஒரு பையை மீனவனிடம் ஒப்படைக்கிறான். திரும்பும் வழியில் ஒரு கூட்டம் விருந்துண்டு களிக்கிறது. திருமணமா என்கிறான் மீனவன். இல்லை, ஒருவர் இறந்துவிட்டார். நீங்கள் என்ன செய்வீர்கள்? நாங்கள் அழுவோம். உடனே கடல்மனிதன் பையைத் திரும்ப வாங்கிக்கொள்கிறான். இறைவன் தந்த அமானிதமாகிய உயிரை அவன் திரும்பப் பெறும்போது மனம் பொறாத உங்களிடம், என் அமானிதத்தை எப்படி ஒப்படைப்பது என்று நட்பை முறித்துக்கொள்கிறான்.

ஆண்டர்சனின் கன்னி ஆன்மாவைத் தேடி நிலத்துக்கு வந்தாள். இவனோ ஆன்மா யாருடையது என்று நிலத்தானுக்குப் பாடம் சொல்கிறான். இக்கதையை நான் வகுப்பில் சொன்னபோது, அவ்வாண்டு தந்தையை இழந்திருந்த மாணவன் ஒருவன் எழுந்து, "அத்தா மௌத்தானப்ப நாங்கள்லாம் அழுதோமே, அது தப்பா ஹஜ்ரத்?" என்றான். வகுப்பு அடங்கிவிட்டது. கடல்மனிதன் சொன்னதில் பாதிதான் சரி என்றேன். நாயகம் (ஸல்) அவர்களின் அருமை மகன் இப்ராஹீம் குழந்தையாகவே இறந்தபோது நாயகமே கண்ணீர் விட்டார்கள். கண் அழும், நெஞ்சு வருந்தும், வாய் மட்டும் இறைவன் விரும்பாததைச் சொல்லாது என்று கற்பித்தார்கள். அமானிதத்தைத் திருப்பிக் கொடுப்பவன் அழக்கூடாது என்று எந்தச் சட்டமும் இல்லை. "அப்ப அந்தக் கடல்மனுசனுக்கு அது தெரியாதா?" என்றான் அவன். தெரியாது, நிலத்துக்கு வந்து அவன் நாலு நாள் தங்கியிருந்தால் தெரிந்திருக்கும் என்றேன். உட்கார்ந்தான். இல்லாத ஒரு கடல்மனிதனோடு வாதாடித்தான் அப்பிள்ளை தன் அழுகைக்கு நியாயம் பெற்றான். நேரே அறிவுரையாகச் சொல்லியிருந்தால் அவ்வினா அவன் வாயில் வந்திருக்குமா என்பது ஐயமே.

கதை கேட்டு முடித்த பிள்ளை, கடற்கன்னி நிஜமாகவே உண்டா என்று வினவினால் என்ன செய்வது? அந்த நொடியில் கதை முடிந்து கபர் தொடங்கிவிட்டது. 'இருக்கலாம்' என்று சிரித்து மழுப்புவதும் பேரீச்சம்பழம் இல்லாத கையே. இல்லை என்று சொல்லிவிட வேண்டும். சொன்னால் பிள்ளை வாடிவிடும் என்பார்கள். நான் கண்டவரை வாடுவதில்லை. அடுத்த கேள்விக்குப் போய்விடும். கன்னி இல்லை, ஆவுளியா உண்டு என்று நான் விளக்கத் தொடங்கியபோது, தோல் தொழிற்சாலை வீட்டுப் பிள்ளைக்கு உரிய முதற்கேள்வி வந்தது: அதன் தோல் எதற்காவது ஆகுமா? செங்கடற்கரை பதவிகள் அதில் செருப்புத் தைத்து அணிந்ததுண்டு என்றேன். அறுக்கலாமா என்றது அடுத்த கேள்வி. ஹனஃபி மத்ஹபில் கடலுயிர்களில் மீன் மட்டுமே ஆகும், இது மீனன்று. நாட்டுச் சட்டமும் 1972இலிருந்து இதைக் காக்கிறது என்றேன். "அப்ப அது இன்னும் இருக்கா?" இருக்கிறது. இந்தியக் கடல்களில் எஞ்சியவை ஏறத்தாழ 240 எனக் கணித்து, தஞ்சாவூர், புதுக்கோட்டைக் கரையோரத்தில் 448 சதுர கிலோமீட்டர் கடற்பரப்பை அவற்றுக்கென 2022 செப்டம்பரில் தமிழக அரசு ஒதுக்கியுள்ளது. நாட்றம்பள்ளியிலிருந்து அங்கே எப்படிப் போவது என்று அவர்கள் கேட்கத் தொடங்க, ஜோலார்பேட்டையில் ரயில் ஏற வேண்டும் என்று சொல்லிக்கொண்டிருந்தபோது மணி அடித்துவிட்டது.