எலும்பு கூடும் காலம்

சித்திக்கு மைட்ரல் வால்வில் கசிவு. இதயத்தின் இடப்பக்கம் மேலறைக்கும் கீழறைக்கும் நடுவே உள்ள இரண்டு இதழ்க் கதவு அது. சரியாக மூடாததால் ரத்தம் பின்னோக்கி வழிகிறது. மூன்று வருடமாக அவள் மூச்சு வாங்கியதை வயசுக் களைப்பு என்றே வீடு சொன்னது. நானும்தான் சொன்னேன்.

மருத்துவர் இரண்டு வழி சொன்னார். நெஞ்செலும்பை நெடுக அறுத்துத் திறப்பது ஒன்று. வலது விலாக்களுக்கு இடையே சின்னத் துளைகள் போட்டு ரோபோக் கைகளை அனுப்புவது மற்றொன்று. ரோபோ தானாக எதையும் செய்வதில்லை. சற்றுத் தள்ளி அமர்ந்திருக்கும் அறுவை மருத்துவரின் விரல்களைத்தான் பின்பற்றுகிறது. உள்ளே நடக்கும் செப்பனிடுதல் ஏறக்குறைய ஒன்றே. இரண்டிலும் இதயத்தை நிறுத்தி, ரத்தத்தை இயந்திரத்தில் ஓடவிட வேண்டும். ரோபோவுக்குச் செலவு கூடுதல்.

“தழும்பு மார்புக்குக் கீழ மறைஞ்சிடும்” என்றார், சித்தப்பாவைப் பார்த்து. சித்திக்கு 62 வயது. யார் கண்ணுக்கு மறைய வேண்டும் என்று கேட்கத் தோன்றியது. கேட்கவில்லை.

“சில வாரத்துல வழக்கமான வேலையைப் பாக்கலாம். எலும்பை அறுத்தா அது கூடுறதுக்கே ரெண்டு மூணு மாசம் ஆகும். கனமா எதையும் தூக்கக் கூடாது.”

வெளியே வந்ததும் சித்தி என் கையைப் பிடித்துக்கொண்டாள். “எலும்பையே அறுக்கச் சொல்லுடி. அப்பத்தான் மூணு மாசம் என்னை யாரும் ஒண்ணும் கேக்க மாட்டாங்க.”

சிரித்துவிட்டேன். இரவெல்லாம் அந்தச் சிரிப்பு உறுத்தியது. வலி குறைவது நல்லதுதான், இதில் எனக்கு வாதமே இல்லை. ஆனால் வலியைக் காட்டித்தான் ஓய்வை வாங்க முடியும் என்ற வீட்டில், வலி குறைந்தால் அவள் கையிருப்பும் அல்லவா குறைகிறது? ‘வழக்கமான வேலை’ என்பது சித்தப்பாவுக்கு நாளிதழும் நடையும். சித்திக்கு ஐந்து பேருக்கான அடுப்பு.

அளவுகோல்களும் அப்படித்தான். அறிகுறி இல்லாத கடுமையான கசிவில், சுருங்கிய நிலையில் இடது கீழறை 40 மில்லிமீட்டரை எட்டினால் அறுவை செய்யலாம் என்கின்றன அமெரிக்க, ஐரோப்பிய வழிகாட்டுநெறிகள். ஆணுக்கும் பெண்ணுக்கும் ஒரே எண். பெண்ணின் இதயமோ பொதுவாகச் சிறியது. அந்த எண்ணைத் தொடுவதற்குள் அது தன் அளவுக்கு அதிகமாகவே விரிந்திருக்கும்.

அவள் விருப்பத்தை அப்படியே மதிப்பதா? அநியாயத்துக்குப் பயந்து ஒருத்தி கூடுதல் காயத்தைக் கேட்டால், அதற்குத் தலையாட்டுவது மரியாதை ஆகுமா? மறுத்தால் மட்டும் அவளுக்குப் பதில் நான் முடிவெடுத்தவள் ஆகமாட்டேனா? இரண்டையும் சித்தியிடமே சொன்னேன். வெகுநேரம் யோசித்துவிட்டு, “சரி, ரோபோவே இருக்கட்டும். ஆனா ரெஸ்ட்டை எழுதி வாங்கித் தரணும்” என்றாள்.

வீடு திரும்பும் நாளில் மருத்துவரிடம் கேட்டேன். தயங்கினார். பிறகு ‘கனம் தூக்கக் கூடாது, ஓய்வு தேவை’ என்று எழுதினார். எத்தனை நாள் என்று எழுதவில்லை.

ஏழு மாதமாகிறது. சீட்டு இன்னும் சித்தி வீட்டு ஃப்ரிட்ஜ் கதவில் இருக்கிறது.