கணிப்பும் சூதும்

குதிரைப் பந்தயத்திற்கு முன் வெளிவரும் கணிப்புகளில் குதிரையின் வயது, சுமக்கும் எடை, ஓட்டுபவரின் திறன், ஓடுதளத்தின் ஈரம், முந்தைய ஓட்டங்கள் அனைத்தும் ஆராயப்பட்டிருக்கும். (சாட்டையடிக்கு மட்டும் கணக்கிராது.) வகுப்பறையில் நாம் கற்பித்த காரண காரிய ஆராய்ச்சியே இது. சென்னைப் பந்தயச் சங்க வழக்கில், 1996இல் உச்ச நீதிமன்றமும் இதனைத் திறமை சார்ந்ததென்றே தீர்ப்பளித்தது. திறமையை மறுப்போமல்லோம். ஆயின், திறமை கலந்துவிட்டால் சூதின் குற்றம் நீங்கிவிடுமா?

கட்டிய பணம் முழுவதும் ஒன்றாகத் திரட்டப்பெற்று, கழிவு போக எஞ்சியதே வென்றோர்க்குப் பங்கிடப்படுகிறது. கணித்தவர் சொற்படி எல்லோரும் ஒரே குதிரைமீது கட்டினாலோ, அது வென்றும் ஆதாயமில்லை; கழிவு போனதால் கட்டிய தொகையே குறைந்து திரும்பும். ஆகவே பிறர் கணிப்புப் பிழைத்தால்தான் நம் கணிப்புக்கு ஊதியம். அயலார் பிழைபட வேண்டுமென விழையும் தேர்ச்சியைக் கல்வியென்று சொல்ல நமக்கு நா எழவில்லை.