கொடுக்கச் சென்றவர் பெற்றுக்கொண்டார்



பிரான்சு நாட்டுக் குருவானவர் சார்ள்ஸ் தெ பூக்கோ 1905ஆம் ஆண்டில் சகாராப் பாலைவனத்துத் தமன்ராசெட் கிராமத்தில் குடியேறினார். துவாரெக் மக்களின் மொழியைக் கற்றார். அதற்கு அகராதி தொகுத்தார். தம்மிடமிருந்த தானியத்தைப் பசித்தோருடன் பகிர்ந்தார். 1908 ஜனவரியில் நோயுற்று, எழும்பவும் இயலாது கிடந்தார். அது கொடிய வறட்சிக் காலம். ஆயினும் அவ்வேழை இஸ்லாமிய மக்கள் பால் தரும் ஆடுகளைத் தேடிக் கறந்து, கொணர்ந்து கொடுத்து அவரைக் காப்பாற்றினர். அதுவரை உபகாரியாயிருந்தவர் அன்றே அவர்களுக்கு அயலவரானார்.

சமாரியப் பெண்ணிடம் நம் ஆண்டவரும் தண்ணீர் கேட்டாரல்லவா? கொடுப்பது எளிது, ஏழையின் கையிலிருந்து பெறுவதற்கே தாழ்ச்சி வேண்டும். தொழிலுக்காகவோ தொண்டுக்காகவோ அந்நிய மண்ணில் வாழ்வோரே, அவ்வூரார் அன்போடு நீட்டும் கோப்பையைத் தட்டாதீர்கள். 2022இல் திருச்சபை புனிதராக உயர்த்திய இவர் நமக்காக மன்றாடுவாராக.