தாண்டுவது

திருச்சி–தஞ்சை நெடுஞ்சாலையில், காட்டூரில் சற்று நின்று பாருங்கள். வீடு இந்தப் பக்கம், பஸ் ஸ்டாப் அந்தப் பக்கம். புடவைக் கொசுவத்தை ஒரு கையால் தூக்கிப் பிடித்து, மறுகையில் காய்கறிப் பையோடு சென்டர் மீடியனில் கால் வைக்கிறார் ஓர் அம்மா. லாரிக்காரர் ஹாரன் அடித்தே திட்டுகிறார். அம்மா தாண்டிவிட்டார்.

தாண்ட முடியாமல் ஆண்டுக்கணக்கில் இழுபட்டது, இதே சாலையில் பால்பண்ணையிலிருந்து துவாக்குடி வரை சர்வீஸ் ரோடு கேட்ட கோரிக்கைதான். தூரம் சுமார் 14.5 கி.மீ. நிலமெடுப்பு, கடைக்காரர்களின் எதிர்ப்பு, வழக்கு என்று அதற்கு எத்தனை மீடியன்கள்!

அந்த அம்மா செய்தது தப்புதான். ஆனால் அடுத்த திருப்பம் வரை நடக்கச் சொல்பவர், சித்திரை வெயிலில் அந்தப் பையைத் தூக்கிக்கொண்டு ஒருமுறை நடந்துவிட்டுச் சொல்லட்டும்.