கூட வந்த நாய்

வீட்டையே சக்கரத்தின் மேல் ஏற்றிக்கொண்டு ஊர் சுற்றும் வழக்கம் மேலைநாடுகளில் பழையது. காரின் பின்னே கொக்கியிட்டு இழுத்துச் செல்லும் அச்சிறு வீட்டில் கட்டில் இருக்கும், அடுப்பு இருக்கும். பல வேளைகளில் ஒரு நாயும் இருக்கும். அமெரிக்க எழுத்தாளர் ஜான் ஸ்டைன்பெக் 1960-இல் ஒரு சிறு லாரியின் மேல் அறை அமைத்து, சார்லி என்னும் தம் முதிய நாயோடு நாட்டைச் சுற்றி வந்தார். 1962-இல் அப்பயணம் நூலாக வந்தது. வழியில் சார்லிக்குச் சிறுநீர்க் கோளாறு. நாட்டைப் பார்க்கப் புறப்பட்டவர் கால்நடை மருத்துவரைத் தேடி அலைய நேர்ந்தது. உடன் அழைத்து வந்தபின் அதன் நோயும் பயணத்தின் பகுதிதானே!

நம் நாட்டில் கேரவன் என்றால் நடிகர்கள் ஒப்பனை செய்துகொள்ளும் வண்டி என்றே நெடுநாள் எண்ணியிருந்தோம். கேரள அரசு 2021-இல் கேரவன் சுற்றுலாவை அறிவித்தது. இன்று கட்டிலோடு கூடிய வண்டிகள் வாடகைக்கும் கிடைக்கின்றன. ஊரப்பாக்கத்தில் ஜி.எஸ்.டி. சாலையருகே குடியிருக்கும் எங்களுக்குப் பிறர் பயணம் புதிதன்று. கிளாம்பாக்கம் பேருந்து முனையம் 2023 டிசம்பரில் திறக்கப்பட்ட பின்னர், பொங்கலுக்குத் தென்மாவட்டம் செல்லும் கூட்டம் எங்கள் வாசலிலேயே திரள்கிறது. அந்நாட்களில் பூட்டிய வீடுகளின் மொட்டைமாடியிலிருந்து நாய்களின் குரல் இரவெல்லாம் கேட்கும். குடிமாறிச் செல்வோர் தெருவில் விட்டுப்போன நாய் பழைய வாசற்படியிலேயே கிடப்பதையும் கண்டிருக்கிறோம்.

அந்தக் குரலைக் கேட்டுப் பழகியதால், சென்ற ஆண்டு நாங்கள் குடும்பமாக இரண்டு நாள் கடற்கரைப் பயணம் புறப்பட்டபோது எங்கள் மணியை விட்டுச் செல்ல மனம் வரவில்லை. ஒரு மாலை முழுவதும் அதைப் பற்றியே பேசினோம். கட்டில் போட்ட வண்டி ஒன்றை வாடகைக்கு அமர்த்தினோம். அதன் தட்டு, தண்ணீர், கழுத்துப்பட்டை எல்லாம் எடுத்துவைத்தோம். வயது முதிர்ந்த அம்மாவைப் பற்றி யாரும் பேசவில்லை. நெடுநேரம் அமர முடியாதவர், வரமாட்டார் என்று நாங்களே முடிவு செய்திருந்தோம். பக்கத்து வீட்டில் சாவியைக் கொடுத்தபோதுதான் அவர் சொன்னார்: “என்னைக் கேட்டிருந்தால், வருகிறேன் வரவில்லை என்று வாய்விட்டுச் சொல்லியிருப்பேன். அது வாயில்லா ஜீவன். அதையாவது கூட்டிப் போங்கள்.”

‘அதையாவது’ என்ற சொல் வண்டலூர்–கேளம்பாக்கம் சாலை முழுவதும் எங்களோடு வந்தது.

1992-இல் வெளியான கத்தோலிக்கத் திருச்சபையின் மறைக்கல்வி இதைப் பற்றிப் பேசுகிறது. விலங்குகளிடம் பரிவு காட்ட நாம் கடமைப்பட்டவர்கள். காரணமின்றி அவற்றைத் துன்புறுத்துவது மனித மாண்புக்கு எதிரானது. அதே பகுதி இன்னொன்றும் கூறுகிறது: மனிதத் துயரைத் துடைக்க முதலில் செல்ல வேண்டிய பணத்தை விலங்குக்குச் செலவிடுவது தகாது, மனிதருக்கே உரிய அன்பை அதன்பால் திருப்புவதும் ஆகாது. இந்த இரண்டாம் கூற்றை நாயைக் கட்டிப்போடுவதற்குச் சாக்காகச் சொல்வோர் உண்டு. அப்படி மிச்சப்படுத்திய பணம் ஓர் ஏழையின் கைக்குச் சென்றதை நாம் அதிகம் கண்டதில்லை. ஆயினும், எங்களைக் குத்தியது அந்தக் கூற்றுத்தான்.

மாமல்லபுரத்தில் வெயில் கடுமை. பூட்டிய வண்டிக்குள் வெப்பம் சில நிமிடங்களிலேயே உயிருக்கு ஆபத்தாகிவிடும். நம்மைப் போல் உடலெங்கும் வியர்த்துச் சூட்டைத் தணித்துக்கொள்ள நாயால் இயலாது, மூச்சிரைத்தே ஆற்றிக்கொள்ள வேண்டும். எனவே ஒருவர் மாற்றி ஒருவர் மர நிழலில் மணியோடு நின்றோம். ஐந்து இரதங்களையும் எல்லாரும் சேர்ந்து பார்க்க இயலவில்லை. அதில் குறையொன்றும் தோன்றவில்லை. பல்லவர் பாறையைக் குடைந்து செய்த அவ்விரதங்களுக்குப் பாண்டவர் பெயர் பிற்காலத்தில் வழங்கலாயிற்று. அவற்றுள் பெரியது தருமராசருடையது. தம்மைத் தொடர்ந்து வந்த நாயை விட்டுவிட்டு இந்திரன் தேரில் ஏறமாட்டேன் என்று மறுத்தவர் அவர்! இரதங்களின் அருகே கல்லில் யானை நிற்கிறது, சிங்கம் நிற்கிறது, எருது கிடக்கிறது, நாய் இல்லை.

வண்டிக்குத் திரும்பியபோது மணி கட்டிலில் கால்நீட்டி உறங்கிக்கொண்டிருந்தது. அமர முடியாதவர் படுத்தபடியே வரக்கூடிய வண்டி அது என்பது அப்பொழுதுதான் எங்கள் புத்தியில் உறைத்தது. யாரும் ஒன்றும் பேசவில்லை. மணி செய்த பிழை ஏதுமில்லை. அதை இறக்கிவிட்டால் அம்மாவுக்கு இடம் கிடைத்திருக்கும் என்பதுமில்லை. இடம் இருந்தது. நாங்கள் கேட்கவில்லை.

அன்றிரவு தோபித்து நூலை எடுத்து வாசித்தோம். பார்வையிழந்த தந்தை, கொடுத்துவைத்த பணத்தை வாங்கிவர மகன் தோபியாவை மேதியா நாட்டுக்கு அனுப்புகிறார். வானதூதர் இரபேல் யாரென்று அறியப்படாமலே வழித்துணையாகச் செல்கிறார். அவர்களோடு ஒரு நாயும் போகிறது. அதற்குப் பெயரில்லை, வேலையில்லை. புறப்படும்போது ஒருமுறை, வீடு நெருங்கும்போது ஒருமுறை குறிப்பிடப்படுகிறது, அவ்வளவே. ஆனால் அந்தப் பயணம் முழுவதும் வீட்டில் காத்திருக்கும் முதியவருக்காக நிகழ்வது. மகன் கொண்டுவரும் மருந்தால் அவர் கண் திறக்கிறது. புனித ஜெரோமின் இலத்தீன் மொழிபெயர்ப்பில், திரும்பி வரும் வேளையில் அந்த நாய் முந்திக்கொண்டு ஓடி, செய்தி கொண்டுவந்த தூதுவனைப் போல வாலாட்டி மகிழ்கிறது.

மறுநாள் மாலை ஊரப்பாக்கம் சேர்ந்தோம். கதவைத் திறந்ததும் மணி எங்களைக் கடந்து உள்ளே ஓடியது. அம்மா கட்டிலிலிருந்து கையை நீட்டி, “சாப்பிட்டாயா?” என்று கேட்டார். அதனிடம்தான் கேட்டார்.