பி.டி. பீரியட் யாருக்குச் சொந்தம்?

பத்தாம் வகுப்பு தொடங்கியதும் பல பள்ளிகளில் முதலில் காணாமல் போவது பி.டி. பீரியட்தான். கால அட்டவணையில் அது இருக்கும். மணி அடித்ததும் கணக்கு வாத்தியார் உள்ளே வருவார். பெற்றோரும் நல்லதுதானே என்று இருந்துவிடுகிறார்கள். முதல் தலைமுறையாகப் படிக்கும் வீட்டில் பத்தாம் வகுப்பு மார்க் எவ்வளவு பெரிய விஷயம் என்பது எனக்குத் தெரியும். ஆனாலும் இதைப் பெரிய இழப்பாகவே நினைக்கிறேன். மெடல் எதுவும் வாங்கப்போகாத சாதாரணப் பிள்ளைகளுக்குத்தான் அந்த இழப்பு அதிகம்.

கோ-கோவை எடுத்துக்கொள்ளுங்கள். துரத்தும் அணியில் 9 பேர். எட்டுப் பேர் நடுவில் வரிசையாக, ஒருவர் விட்டு ஒருவர் எதிரெதிர்ப் பக்கம் பார்த்து உட்கார்ந்திருக்க, ஒருவர்தான் ஓடுவார். அவர் பாதியில் திரும்பி ஓடக் கூடாது. வரிசைக்கு நடுவே புகவும் கூடாது. துரத்தப்படுபவர் மறுபக்கம் நழுவிவிட்டால், அந்தப் பக்கம் பார்த்திருப்பவரின் முதுகைத் தொட்டு 'கோ' கொடுத்து, அவர் இடத்தில் உட்கார்ந்துவிட வேண்டும். நானே பிடித்துக் காட்டுகிறேன் என்ற ஆசையை அந்த நொடியில் விட்டுக்கொடுக்க வேண்டும். உட்கார்ந்திருப்பவரும் 'கோ' வரும்வரை எழக் கூடாது. முதுகுக்குப் பின்னால் நடப்பதைக் காதால் கவனித்தபடி காத்திருக்க வேண்டும். பதினைந்து வயதில் இதை வகுப்பறையில் எப்படிக் கற்றுத்தருவது? பரீட்சை ஹாலில் பக்கத்தில் இருப்பவனுக்குக் கைகொடுத்தால் அதற்குப் பெயர் காப்பி.

பெண்பிள்ளைகளுக்கு விளையாட்டு இன்னும் முக்கியம். "வயசுக்கு வந்த பொண்ணுக்கு இனி என்ன ஆட்டம்?" என்று பல வீடுகளில் ஒன்பதாம் வகுப்போடு நிறுத்திவிடுகிறார்கள். குறுவட்டப் போட்டிக்கு வேனில் போய், தெரியாத ஊரில் ஆடித் தோற்று, புளிசாதம் சாப்பிட்டுவிட்டுப் பாட்டுப் பாடியபடி திரும்பும் பெண்களைப் பார்த்திருக்கிறீர்களா? வீட்டார் துணையில்லாமல் வெளியூர் போவது அவர்களில் பலருக்கு அதுதான் முதல் தடவை. எல்லார் கண்ணெதிரிலும் தோற்றுவிட்டு, மறுநாள் காலை அதே மைதானத்தில் வந்து நிற்கும் தெம்பு பிற்பாடு எந்த வேலைக்குப் போனாலும் உதவும்.

ஓடப் பிடிக்காத பிள்ளைகளுக்கு என்.எஸ்.எஸ்., சாரணர் படை, ஆண்டுவிழா நாடகம் என்று வேறு வாசல்கள் உண்டு. நாடகத்தில் திரை இழுக்கிறவன் நேரம் தவறினால் நாடகமே கெட்டுவிடும். அது அவனுக்கும் தெரியும்.

மைதானத்துக்கு இன்னொரு பயனும் உண்டு. சேலம் மாவட்டம் பெரியவடகம்பட்டியைச் சேர்ந்த மாரியப்பன் தங்கவேலுவுக்கு ஐந்து வயதில் பஸ் ஏறி வலது கால் நசுங்கியது. உயரம் தாண்டிப் பார் என்று அவரைத் தூண்டியவர் பள்ளியின் உடற்கல்வி ஆசிரியர். 2016 ரியோ பாராலிம்பிக்கில் 1.89 மீட்டர் தாண்டித் தங்கம் வென்றார். டோக்கியோவில் வெள்ளி, 2024 பாரிஸில் வெண்கலம். மார்க் பட்டியலில் தெரியாத பிள்ளை மைதானத்தில் நிற்கும் ஆசிரியரின் கண்ணில் பட்டுவிடுகிறது.

அடுத்த பெற்றோர் கூட்டத்தில் ரேங்க் கார்டில் கையெழுத்துப் போடும்போது, பத்தாவது பிள்ளைகளையும் மைதானத்துக்கு விடுகிறார்களா, பெண்பிள்ளைகளுக்கு உடை மாற்ற அறை இருக்கிறதா என்று கேளுங்கள். நாலு பெற்றோர் சேர்ந்து கேட்டால் தலைமையாசிரியர் பதில் சொல்லித்தான் ஆக வேண்டும்.